காற்றும் மனச்சாட்சியும்

(யூபிலி விழா இளைஞர் நாள் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கல்லூரி உடற்கல்வி இயக்குநர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இளைஞர் நாளன்று விளையாட்டைப் பற்றி ஓர் உரை வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். நான் கால்பந்தைப் பற்றியோ கைப்பந்தைப் பற்றியோ பேசுவேன் என்று எண்ணித்தான் அழைத்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. உலகப் பல்கலைக்கழக மாணவர்களின் பாய்மரப் படகுப் போட்டியைப் பற்றி இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

ஏன் இந்தப் பொருள் என்று கேட்பீர்கள். இரண்டு காரணங்கள் உண்டு. கடற்கரையில் பிறந்த நமக்குக் காற்றும் பாயும் புதியவை அல்ல. வாடை எது, கொண்டல் எது, கச்சான் எது என்று நம் பாட்டனார்கள் கன்னத்தில் படும் காற்றைக் கொண்டே சொல்லிவிடுவார்கள். இயந்திரம் வந்தது, பாயைச் சுருட்டி வைத்தோம். இது முதல் காரணம். இரண்டாவது, நான் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கும் ஒரு கடன். அதை முடிவில் சொல்கிறேன்.

முதலில், இந்தப் போட்டி எது என்பதைப் பார்ப்போம். ஒலிம்பிக் போட்டியை எல்லோரும் அறிவோம். கல்லூரி மாணவர்களுக்கென்றே உலக அளவில் ஒரு பெருவிழா இருப்பதை நம்மில் பலர் அறியோம். 1923இல் பாரிசு நகரில் பல நாட்டு மாணவர்கள் கூடி விளையாடியது இதற்கு வித்து. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1949இல் பன்னாட்டுப் பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பு உருவாயிற்று. 1959இல் இத்தாலியின் டூரின் நகரில் முதல் ‘யுனிவர்சியாட்’ நடந்தது. பல்கலைக்கழகம், ஒலிம்பிக் என்ற இரு சொற்களையும் இணைத்து உண்டாக்கிய பெயர் அது. அந்த டூரின் விழாவில் வெற்றி பெற்றவருக்கு அவரவர் நாட்டுப் பண்ணை இசைக்காமல், மாணவர்களின் பழைய இலத்தீன் பாடலான ‘கௌடியாமுஸ்’ என்பதை எல்லோருக்கும் பொதுவாக இசைத்தார்கள். போரில் ஒருவரையொருவர் கொன்ற நாடுகளின் பிள்ளைகள் ஒரே பாட்டுக்கு எழுந்து நின்றார்கள். எவ்வளவு நல்ல எண்ணம் பாருங்கள்!

இப்போது அவ்விழாவின் பெயர் உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது வழக்கம். பெருந்தொற்றின் காரணமாகத் தள்ளிப்போன விழா 2023இல் சீனாவின் செங்டு நகரில் நடந்தது. அடுத்தது 2025இல் செர்மனியின் ரைன்-ரூர் பகுதியில் நடந்தது. படித்துக்கொண்டிருக்கும் மாணவரும், முந்தைய ஆண்டில் பட்டம் பெற்றவரும் கலந்துகொள்ளலாம். வயதுக்கும் வரம்பு உண்டு.

இந்த விழாவில் சில விளையாட்டுகள் கட்டாயம் இடம்பெறும். மற்றவை, நடத்தும் நகரம் விரும்பினால் சேர்த்துக்கொள்பவை. பாய்மரப் படகுப் போட்டி இந்த இரண்டாம் வகை. 1999இல் எசுப்பானியாவின் பால்மா, 2005இல் துருக்கியின் இசுமிர், 2011இல் சீனாவின் சென்சென், 2019இல் இத்தாலியின் நாப்போலி ஆகிய நகரங்கள் இதை ஏற்றுக்கொண்டன. வரைபடத்தைப் பாருங்கள். நான்குமே கடலோர நகரங்கள். கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ள செங்டுவில் பாய்மரப் போட்டி இல்லை. ரைன்-ரூரிலும் இல்லை.

இதன் பொருள் என்ன? ஒரு மாணவன் பாய்மரம் கற்றுக்கொண்டு தேர்ந்து நிற்கும் ஆண்டில், விழா கடலில்லா நகரத்துக்குப் போய்விடலாம். அடுத்த வாய்ப்பு வருவதற்குள் அவன் பட்டம் வாங்கி வேலைக்குப் போயிருப்பான். ஓட்டக்காரனுக்கும் நீச்சல்காரனுக்கும் இந்தக் கவலை இல்லை. இக்குறையைப் போக்கவே, பெருவிழாவுக்கு வெளியே பல்கலைக்கழக மாணவர்களுக்கான தனி உலகப் போட்டிகளையும் அக்கூட்டமைப்பு நடத்தி வந்திருக்கிறது. பிரான்சில் 1969 முதல் ஒரு வணிகக் கல்லூரி மாணவர்கள் தாங்களாகவே பாய்மரப் பந்தயம் ஒன்றைத் தொடங்கி வளர்த்தார்கள். ‘எடெக் பந்தயம்’ என்பது அதன் பெயர். மேலிருந்து யாராவது தருவார்கள் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நம் இளைஞர் மன்றத்தார் இதைக் கவனிக்க வேண்டும்!

இனி, போட்டி எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். தொடக்கக் கோடு கடலில்தான். ஒரு பக்கம் நடுவர் படகு, மறுபக்கம் ஒரு மிதவை. இரண்டுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத கோடு. தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒரு கொடி ஏறும். நான்கு நிமிடம் இருக்கும்போது இன்னொன்று. ஒரு நிமிடம் இருக்கும்போது அது இறங்கும். படகுக்குத் தடை போட்டு நிறுத்த முடியாது அல்லவா? ஆகவே அந்த ஐந்து நிமிடமும் எல்லாரும் கோட்டுக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி வருவார்கள். கொடி இறங்கும் அந்த நொடியில் கோட்டைத் தொடவேண்டும். ஒரு நொடி முந்திவிட்டால் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும்.

பெரும்பாலும் முதல் மிதவை காற்று வரும் திசையிலேயே இருக்கும். காற்றுக்கு நேர் எதிராக எந்தப் பாயும் ஓடாது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றுக்குச் சுமார் 45 பாகை சாய்வாக ஒரு பக்கம் ஓடி, பிறகு பாயை மாற்றி மறுபக்கம் ஓடி, இப்படி வளைந்து வளைந்துதான் மேலேற வேண்டும். எந்தப் பக்கம் முதலில் ஓடுவது, எங்கே திரும்புவது, நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது, தொலைவில் தண்ணீர் கறுத்துத் தெரிகிறதே, அங்கே காற்று கூடுதலா என்றெல்லாம் கணக்குப் போட வேண்டும். கையில் பலம் இருந்தால் மட்டும் போதாது. கண்ணும் மூளையும் வேண்டும்.

மதிப்பெண் முறை வேடிக்கையானது. முதலில் வந்தவருக்கு 1, இரண்டாமவருக்கு 2, பத்தாமவருக்கு 10. பல ஓட்டங்கள் நடத்திக் கூட்டுவார்கள். குறைந்த மதிப்பெண் பெற்றவரே வென்றவர். போதிய ஓட்டங்கள் நடந்திருந்தால் ஒருவருடைய மிக மோசமான ஓட்டத்தைக் கழித்துவிடுவதும் உண்டு. ஒரு நாள் சறுக்கியவனை முற்றிலும் தள்ளிவிடாத முறை. தேர்வுத்தாள் திருத்துவோருக்கும் இப்படி ஓர் இரக்கம் இருக்கலாகாதா என்று நம் மாணவர்கள் கேட்பது என் காதில் விழுகிறது!

பாய்மரப் போட்டியின் இளைய பிள்ளை பாய்ப்பலகை. ‘விண்ட்சர்ஃபிங்’ என்று அதைச் சொல்கிறார்கள். ஒரு பலகை, அதன்மேல் ஒரு பாய், அவ்வளவுதான். படகுக்கு இருப்பதுபோல் சுக்கான் கிடையாது. பாய்மரம் எந்தப் பக்கமும் சாயும்படி ஒரு மூட்டில் நிற்கிறது. ஓட்டுபவர் நின்றுகொண்டே பாயைக் கையால் பிடித்துக்கொள்வார். பாயைப் பின்னால் சாய்த்தால் பலகை காற்றை நோக்கித் திரும்பும், முன்னால் சாய்த்தால் காற்றைவிட்டு விலகும். அவருடைய உடலே சுக்கான். அமெரிக்காவில் ஓயில் சுவைட்சர், சிம் டிரேக் என்ற இருவர் 1968இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அவர்களுக்கு முன்பே வேறு சிலரும் இதுபோன்ற பலகைகளைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1984இல் லாசு ஏஞ்சலசு ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும், 1992இல் பார்சிலோனாவில் பெண்களுக்கும் இது போட்டியாயிற்று. 2024 பாரிசு ஒலிம்பிக்கில் தண்ணீருக்கு அடியில் சிறகு பொருத்திய பலகை வந்துவிட்டது. வேகம் கூடியதும் பலகை நீரைவிட்டு மேலெழும்பிப் பறப்பதுபோல் ஓடுகிறது.

இது பணக்காரர் விளையாட்டு அன்றோ, நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஆங்காங்கைச் சேர்ந்த லீ லாய் சான் என்ற பெண்ணைப் பற்றிக் கேளுங்கள். மீனவர் வாழும் செங் சாவ் என்ற சிறு தீவில் வளர்ந்தவர். அங்கே உறவினர் ஒருவர் நடத்திய இடத்தில் பாய்ப்பலகை கற்றார். 1996 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். ஆங்காங் ஒலிம்பிக்கில் பெற்ற முதல் தங்கம் அதுவே.

நம் நாட்டுக்கு வருவோம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் பாய்மரம் பிடித்தவர்கள் நால்வர். சென்னையின் நேத்ரா குமணன், வேலூரின் விசுணு சரவணன், சென்னையின் கே. சி. கணபதி, வருண் தக்கர். நால்வரும் தமிழ்நாட்டார். நேத்ரா பொறியியல் மாணவியாக இருந்துகொண்டே ஓமான் நாட்டில் நடந்த தகுதிப் போட்டியின் வழியே, ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். படிப்பா விளையாட்டா என்று வீட்டில் சண்டை போடும் பெற்றோர்களே, இரண்டும் ஒரே படகில் போகலாம் என்பதற்கு இது சான்று.

ஆனாலும் பணத்தின் கேள்வி பொய்யல்ல. படகுக்கு விலை உண்டு. செல்வர் வீட்டுப் பிள்ளை புதுப்பாய் வாங்குவான், மற்றவன் தைத்த பாயோடு வருவான். அது போட்டியாகுமா? இதற்கு மாணவர் போட்டிகள் கண்ட தீர்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நடத்துபவரே எல்லாருக்கும் ஒரே வகைப் படகைக் கொடுப்பது. நாப்போலியில் 2019இல் ‘ஆர்.எசு. 21’ என்ற ஒரே வகைப் படகில்தான் எல்லா நாட்டாரும் ஓடினார்கள். ஆண்களும் பெண்களும் ஒரே படகில் சேர்ந்து ஓடிய கலப்புப் போட்டி அது. அமெரிக்கக் கல்லூரிகளில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். போட்டியை நடத்தும் கல்லூரி தன் படகுகளைத் தரும். ஓட்டங்களுக்கு இடையே மாணவர்கள் படகை மாற்றிக்கொள்வார்கள். ஒரே வகைப் படகிலும் ஒன்று நல்லதாக, ஒன்று கொஞ்சம் சோம்பலாக இருக்கும் அல்லவா? நல்ல படகும் சோம்பல் படகும் முறைவைத்து எல்லார் கைக்கும் வரும். காற்று எல்லாருக்கும் பொது. படகையும் பொதுவாக்கிவிட்டால் பிறகு மிஞ்சுவது மனிதன்தான்.

அந்த மனிதனைப் பற்றித்தான் இனிப் பேசவேண்டும்.

கால்பந்தில் நடுவர் ஊதல் ஊதுவார். கிரிக்கெட்டில் விரலைத் தூக்குவார். கடலில் முப்பது நாற்பது படகுகள் சிதறி ஓடும்போது ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு நடுவர் நிற்க முடியுமா? நடுவர் குழு உண்டு. ஒருவர் மற்றவர்மேல் முறையிட்டால் விசாரிப்பார்கள். ஆனால் எல்லாவற்றையும் அவர்கள் காண முடியாது. ஆகவே உலகப் பாய்மர விதிநூல் தொடக்கத்திலேயே ஓர் அடிப்படையை வைத்துவிட்டது. விதியை மீறியவர், தாம் மீறியதை அறிந்தால், தாமே உடனே தண்டனையை ஏற்கவேண்டும். மிதவையைத் தொட்டுவிட்டாயா? ஒதுங்கிப் போய்ப் படகை ஒரு முழுச்சுற்றுச் சுற்று. வழிவிட வேண்டியவனுக்கு வழிவிடாமல் மோதினாயா? இரண்டு சுற்று. பாய்ப்பலகைக்காரருக்கு ஒரு முழுச்சுற்று. நீ சுற்றிக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் உன்னைக் கடந்து போவார்கள். அதுதான் தண்டனை. குற்றம் பெரிதென்றால் போட்டியைவிட்டே விலகவேண்டும்.

அதே விதிநூலில் வேறொரு விதி இருக்கிறது. ஆபத்தில் இருப்பவருக்கு இயன்ற உதவி எல்லாம் செய்தே ஆகவேண்டும். விரும்பினால் செய் என்பதல்ல, கட்டாயம். இதற்கு எடுத்துக்காட்டாய் நின்ற ஒருவரைச் சொல்கிறேன். மாணவர் போட்டியில் நடந்ததன்று, ஒலிம்பிக்கில் நடந்தது. ஆனாலும் விதிநூல் இரண்டுக்கும் ஒன்றே.

1988ஆம் ஆண்டு, செப்டம்பர் 24. சியோல் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டி கொரியாவின் பூசான் கடலில் நடக்கிறது. காற்று மணிக்கு 65 கிலோமீட்டர் அளவுக்கு ஏறிவிட்டது. கனடாவின் லாரன்சு லெமியூ தம் ஓட்டத்தில் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருக்கிறார். அருகே வேறொரு போட்டியில் ஓடிய சிங்கப்பூர்ப் படகு கவிழ்ந்து கிடக்கிறது. ஒருவர் படகைப் பற்றிக்கொண்டிருக்கிறார், மற்றவரை நீரோட்டம் இழுத்துச் செல்கிறது. லெமியூ தம் படகைத் திருப்பினார். இருவரையும் மீட்டார். காவல் படகு வந்து அவர்களை ஏற்றிக்கொள்ளும்வரை காத்திருந்தார். பிறகு போட்டிக்குத் திரும்பி 22ஆம் இடத்தில் முடித்தார். நடுவர் குழு அவருக்கு அந்த ஓட்டத்தின் இரண்டாம் இடத்தைத் திருப்பிக் கொடுத்தது. மொத்தக் கணக்கில் அவர் 11ஆம் இடம்தான், பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் பியர் டி கூபெர்டின் பதக்கம் என்ற சிறப்பை ஒலிம்பிக் குழு அவருக்கு அளித்தது. அந்த ஓட்டத்தின் முதல்வர் யார் என்று கேட்டால் நமக்குத் தெரியாது. லெமியூவின் பெயரைப் பாய்மரக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

கடலில் படகு கவிழ்ந்தால் வலையைப் போட்டுவிட்டு ஓடும் வழக்கம் உள்ள நமக்கு இதில் வியப்பில்லை. நம் பெரியவர்கள் எழுதாத விதியை அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

இனி, என் கடன்.

நான் கல்லூரியில் படித்தபோது தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் இருந்தேன். அங்கே எங்களுக்குப் பாய்மரம் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு போட்டியில் நானும் என் நண்பனும் ஒரே படகில் ஓடினோம். கடைசி மிதவையைச் சுற்றும்போது என் கையில் சுக்கான். மிக நெருங்கிச் சுற்றினேன். படகின் பின்பக்கம் மிதவையில் உரசியது. மெல்லிய உரசல்தான். என் உள்ளங்கையில் அது தெரிந்தது. நண்பன் முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்குத் தெரியாது. நடுவர் படகு தொலைவில் இருந்தது. பின்னால் வந்த படகு இருபது முழத்துக்கு அப்பால். நான் திரும்ப ஒரு சுற்றுச் சுற்றியிருக்க வேண்டும். சுற்றவில்லை. மூன்றாம் இடம் வந்தோம். எங்களுக்குச் சிறு கோப்பைகள் கொடுத்தார்கள்.

நான்காவதாக வந்த படகில் இருந்த இருவரும் எங்களுக்குக் கைகொடுத்தார்கள். ஒருவன் கப்பல் வேலைக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன். மற்றவனைப் பிறகு காணவில்லை. அந்தக் கோப்பை வெகுகாலம் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. உறவினர் வந்தால் என் தாயார் எடுத்துக் காட்டுவார். அவர் காட்டும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். வெட்கப்படுகிறான் என்று அவர் சொல்லுவார். வெட்கம்தான். அவர் நினைத்த வெட்கம் அன்று.

பிறகு முப்பது ஆண்டுக்கு மேல் உடற்கல்வித் துறையில் இருந்தேன். எத்தனையோ மாணவரிடம் ‘நேர்மையாக விளையாடு’ என்று சொன்னேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் உள்ளங்கையில் அந்த உரசல் தெரிந்தது. நண்பனிடம் உண்மையைச் சொன்னது சென்ற ஆண்டுதான். அவன் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அன்றைக்கே சொல்லியிருந்தால் சேர்ந்து சுற்றியிருப்போமே, ஐயா’ என்றான். இளமைத் தோழன் என்னை ‘ஐயா’ என்று அழைத்தது அதுவே முதல் முறை. அவன் கோபித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இளைஞர்களே, நான் இதைச் சொல்வது உங்களை அழவைக்க அல்ல. ஒரு சுற்றுச் சுற்ற எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? நல்ல காற்றில் அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய் நாற்பது ஆண்டு சுமந்தேன். கணக்கு சரியில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

நாப்போலியிலும் சென்செனிலும் ஓடிய மாணவர்களில் எத்தனை பேர் யாரும் காணாத இடத்தில் படகைத் திருப்பித் தாமாகவே சுற்றினார்கள் என்பதை எந்தப் பதக்கப் பட்டியலும் சொல்லாது. அதைச் செய்தவனுக்கு மட்டும் தெரியும். அவன் நான்காவதாக வந்திருப்பான், வீட்டுக்கு வெறுங்கையோடு போயிருப்பான், அன்று இரவு நன்றாகத் தூங்கியிருப்பான்.

விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஊரில் பாய் ஓட்டத் தெரிந்த பெரியவர்கள் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல, பெண்பிள்ளைகளுக்கும்தான். இரண்டு படகு போதும், முறைவைத்து மாற்றி மாற்றி ஓட்டட்டும். ஒலிம்பிக்குக்குப் போகாவிட்டாலும் காற்றைப் படிக்கக் கற்றுக்கொள்வார்கள். மிதவையில் உரசினால் சுற்றவும் கற்றுக்கொள்வார்கள். முதல் நாள் அந்த இரண்டாம் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க என்னை அழையுங்கள். அந்தப் பாடம் எனக்கு நன்றாகத் தெரியும்.